ஆறடி பத்தங்குலத்துல ஒரு குடித்தனம்

இங்கிலாந்துல போட்லதான் குடியிருக்கோம்னு சொன்னதும் நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆலப்புழா ஞாபகம்தான் வருது. ஓலைக் கூரை, இளநீர், கரிமீன் வறுவல், ஒருத்தர் ஓட்ட நாம காலை நீட்டி உக்காந்து வேடிக்கை பாக்கறது. அத்தை இன்னும் போன்ல "இன்னைக்கு போட்டிங் போனீங்களாம்மா"ன்னுதான் கேக்கறாங்க. நாங்க இருக்கறது நாரோபோட், கால்வாய்ல ஓடற ஒடுக்கமான போட். ஸ்டீல்ல செஞ்சது, நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம், அவ்வளவுதான். உள்ள வீட்டுக்காரர் ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு பக்கச் சுவரும் விரல்ல படும். முன்னாடி ஹால், அப்புறம் சமையல், அப்புறம் பாத்ரூம், கடைசில படுக்கைன்னு எல்லாம் ஒரே வரிசை, ஒருத்தர் சமைக்கும்போது இன்னொருத்தர் தாண்டிப் போகணும்னா ரெண்டு பேரும் வயித்தை எக்கிக்கணும், சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டுப் போய் உக்கார தனி ரூம் கிடையாது, கரையில இறங்கி நடக்க வேண்டியதுதான்.

எடம் பத்தலன்னு நான் புலம்பறதையெல்லாம் அந்தக் காலத்து போட்காரங்க கேட்டா சிரிப்பாங்க. ரயில் வந்து கால்வாய்க்காரங்க கூலி கொறைஞ்சதும், கரையில வீட்டு வாடகை குடுக்க முடியாம குடும்பமே போட்ல ஏறிடுச்சு. சரக்குக்குத்தானே எடம், அதனால பின்னாடி ஒரு பத்தடி கேபின்ல அப்பா அம்மா குழந்தைங்க எல்லாரும். அதுலயே அடுப்பு, அதுலயே மடக்குக் கட்டில். ஜார்ஜ் ஸ்மித்னு ஒருத்தர் இதைப் பாத்துப் பொறுக்காம விடாம போராடி, 1877ல ஒரு கேபின்ல எத்தனை பேர் இருக்கலாம்னு சட்டமே போட வெச்சாரு. எங்களுக்கு சரக்கு ஏத்தற எடமும் சேர்ந்து வீடா கிடைச்சிருக்கு, அந்த வகைல நாங்க ஜமீன்தான்.

அழகா இருக்குமேன்னு கேக்கறாங்க. அழகாதான் இருக்கு, யாரு இல்லன்னா. ஆனா இங்க வந்து நான் முழுசா கத்துக்கிட்டது தண்ணிக் கணக்கு. போட்டுக்குள்ள இருக்கற தண்ணி, போட் மிதக்கற தண்ணி, ரெண்டுமே அளந்துதான் செலவாகுது. மெட்ராஸ்ல மெட்ரோ வாட்டர் லாரிக்கு குடத்தை வரிசையில வெச்சுட்டு ஸ்கூலுக்கு லேட்டா போனவ நான், அதனால இது ஒண்ணும் எனக்கு அதிர்ச்சி இல்ல. மழை பேஞ்சுக்கிட்டே இருக்கற நாட்டுல வந்து திரும்பவும் இதே கணக்கான்னு ஒரு சிரிப்புதான்.

முதல்ல வெளித் தண்ணி. கால்வாய் ஆறு இல்ல, தானா ஓடி வர்றதுக்கு. மேட்டு மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கற வழி இது, ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் லாக் இருக்கு. லாக்னா ரெண்டு பக்கமும் கதவு வெச்ச செங்கல் தொட்டி. போட் உள்ள போனதும் கீழ்க் கதவைச் சாத்திட்டு மேல இருந்து தண்ணி விட்டா போட் தானா மேல வரும். எங்க கிராண்ட் யூனியன் கால்வாய்ல அகலமான லாக், ஒரு தடவை நிரப்ப சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். அவ்ளோ தண்ணியும் மேட்டுல இருந்து பள்ளத்துக்குப் போயிடும், திரும்பி வராது, பம்ப் போட்டு ஏத்தினாத்தான் உண்டு. மேட்டுத் தண்ணிக்கு ஏரி வெட்டி வெச்சிருக்காங்க, பிரான்ஸ்டன் மேட்டுக்கு டேவன்ட்ரி ஏரியும் டிரேட்டன் ஏரியும். ஏரி வத்தினா கால்வாய் மூடல். 2025ல வசந்த காலத்துல இருந்தே மழை இல்லாம, லீட்ஸ் லிவர்பூல் கால்வாய்ல பெரிய நீளத்துக்கு லாக்கை எல்லாம் பூட்டிட்டாங்க, வழியில மாட்டின போட்டெல்லாம் மாசக் கணக்கா அங்கேயே.

எங்க வீட்டோட அகலம் கூட இந்தத் தண்ணிக் கணக்குல வந்ததுதான். ஜேம்ஸ் பிரிண்ட்லி, அடிப்படையில மில்லு மெஷின் செய்யற ஆளு, 1761ல பிரிட்ஜ்வாட்டர் பிரபுவோட நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டு போக கால்வாய் போட்டதுல பேர் வாங்கினவரு. அடுத்து நாட்டுக்குக் குறுக்கால டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கற பெரிய கால்வாயை எடுத்தப்போ லாக்குக்கு ஏழடி அகலம் போதும்னுட்டாரு. அகலமா கட்டினா கட்டடச் செலவும் ஜாஸ்தி, ஒவ்வொரு போட்டுக்கும் கொட்டற தண்ணியும் ஜாஸ்தி, மலையைக் குடையற செலவும் ஜாஸ்தி. அவரு 1772ல போயிட்டாரு, அந்தக் கால்வாய் 1777லதான் முடிஞ்சுது, ஆனா அவரு போட்ட கோடு இன்னைக்கு எங்க சோபா சைஸ் வரைக்கும் வந்து நிக்குது. நீளம் 57ன்னு வெச்சதும் அதே கதை, யார்க்‌ஷயர் பக்கம் சில லாக் அவ்ளோதான் நீளம், அதுக்கு மேல இருந்தா நாட்டுல எல்லா எடமும் போக முடியாது.

இப்போ உள்ள இருக்கற தண்ணி. மூக்குப் பகுதியில ஒரு டேங்க், எங்களோடது ஐநூறு லிட்டர் சொச்சம். கரையில அங்கங்க குழாய் இருக்கும், ஓஸ் மாட்டி விட்டுட்டு நின்னா சில குழாய் ஒரு மணி நேரத்துக்கும் மேல இழுக்கும், பின்னாடி இன்னொரு போட் காத்துக்கிட்டு இருக்கும், அவங்களுக்கு டீ போட்டுக் குடுக்கற அளவுக்குப் பழக்கம் ஆயிடும். டேங்க் நிறைஞ்சா மூக்கு கொஞ்சம் இறங்கும், காலியாக ஆக மூக்கு மேல வரும், அதனால மீட்டரே பாக்காம வீட்டுக்காரர் வெளிய நின்னு "ரெண்டு நாளைக்கு வரும்"னு சொல்லிடுவாரு. குளிக்கும்போது நனைச்சுக்கிட்டு ஷவரை மூடி, சோப்பு போட்டு, திறந்து அலசிக்கிட்டு முடிக்கணும். பாத்திரம் கழுவின தண்ணி நேரா கால்வாய்க்குத்தான் போகுது, அதனால எண்ணெய்ச் சட்டியை பேப்பரால துடைக்காம நான் கழுவ விடறது இல்ல.

அடுத்த கேள்வி எல்லாருக்கும் வாய்க்குள்ளயே இருக்கும், கேக்க கூச்சப்படுவாங்க, அதனால நானே சொல்லிடறேன். எங்களோடது கேசட் டாய்லெட். கீழ சூட்கேஸ் சைஸுக்கு ஒரு பெட்டி, நிறைஞ்சதும் இழுத்து எடுத்து, கால்வாய் ஓரத்துல அதுக்குன்னே இருக்கற எல்சான் பாயின்ட்ல கொண்டு போய் கொட்டி அலசிட்டு வரணும். வெள்ளைக்காரங்க கணக்குல நாலஞ்சு நாள் வரும்பாங்க. நம்ம பழக்கத்துக்கு சொம்புல தண்ணி ஊத்தினா ரெண்டே நாள்ல ரொம்பிடும். இதுக்காக நான் பேப்பருக்கு மாறவும் தயாரா இல்ல, மாறிக்கோன்னு சொல்ற தைரியமும் இந்த வீட்டுல யாருக்கும் இல்ல, அதனால ஸ்பேரா ரெண்டு கேசட் வாங்கி வெச்சிருக்கோம். கொட்டறது அவரு டிபார்ட்மென்ட், குப்பையும் சாம்பலும் என்னோடது. பேங்க்ல வைஸ் பிரசிடென்ட்னு ஈமெயில்ல கையெழுத்து போடற மனுஷன், காலைல ஏழு மணிக்கு ரெண்டு கையிலயும் கேசட்டோட வரப்பு மாதிரி இருக்கற கரையில நடந்து போவாரு.

கரண்ட் பத்திச் சொல்லணும்னா மிக்ஸில இருந்துதான் ஆரம்பிக்கணும். கூரை மேல சோலார் இருக்கு, கோடையில பிரிட்ஜ், லேப்டாப், வைஃபை எல்லாத்துக்கும் அதுவே போதும். நவம்பர் வந்தா சோலார் பேருக்குத்தான், இன்ஜினை ஓட்டித்தான் பேட்டரி ஏத்தணும். நம்ம ஊர் 750 வாட் மிக்ஸியை பேட்டரி கொறைவா இருக்கும்போது போட்டா இன்வர்ட்டர் கீச்சுனு கத்தி நின்னுடும். அதனால மாவு அரைக்கறது, சட்னி, மசாலா எல்லாம் போட் ஓடும்போதுதான். அவரு பின்னாடி நின்னு டில்லரை, அதாவது போட்டைத் திருப்பற கம்பியைப் பிடிச்சு ஓட்டிட்டு இருப்பாரு, நான் உள்ள உளுந்து அரைச்சுட்டு இருப்பேன், கரையில நாயோட நடந்து போறவங்க என்னமோ இன்ஜின் ரிப்பேர்னு பரிதாபமா பாப்பாங்க. ஆனா இதுல ஒரு வரம் இருக்கு. இன்ஜினைக் குளிர்விச்சு வர்ற சூடான தண்ணி ஒரு சுருள் குழாய் வழியா சுடுதண்ணி டேங்க்குக்குள்ள ஓடுது, அந்த டேங்க் இருக்கற அலமாரி எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். ஜனவரி மாசம், வெளிய பூஜ்யத்துக்குக் கீழ, அந்த அலமாரில வெச்ச மாவு காலைல மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். லண்டன்ல பெரிய வீட்டுல இருக்கற என் ஃபிரண்ட்ஸ் யாருக்கும் குளிர்காலத்துல மாவு இப்படிப் பொங்கறது இல்ல. பக்கத்துல கட்டியிருக்கறவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு ராத்திரி எட்டுல இருந்து காலை எட்டு வரைக்கும் இன்ஜின் போடக் கூடாதுன்னு விதி, அதனால மறுநாளைக்கு மாவு வேணும்னா மத்தியானமே யோசிச்சு ஊறப் போட்டிருக்கணும்.

டீசல்லயும் ஒரு வேடிக்கை உண்டு. போட்டுக்கு விக்கறது சிவப்பு டீசல், போடும்போதே இதுல ஓட்டறதுக்கு எவ்வளவு, வீட்டுச் செலவுக்கு எவ்வளவுன்னு நாமளே சொல்லணும், வீட்டுப் பங்குக்கு வரி கம்மி. 60க்கு 40ன்னு சொல்றது வழக்கம். இத்தனைக்கும் போட் ஓட்டறதுக்குன்னு தனியா டிரைவிங் லைசென்ஸே கிடையாது. 57 அடி, பதினேழு பதினெட்டு டன் இரும்பை யாரு வேணும்னாலும் ஓட்டலாம். டில்லரை இடது பக்கம் தள்ளினா மூக்கு வலது பக்கம் போகும், அதுவும் உடனே போகாது, கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் போகும், பிரேக்னு ஒண்ணு இல்லவே இல்ல, ரிவர்ஸ் போட்டுக் காத்திருக்கணும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டியிருக்கற போட்டைத் தாண்டும்போது அதுலயும் பாதிக்குக் கீழ கொறைக்கணும், இல்லன்னா தண்ணி இழுத்து அவங்க முளையே பிடுங்கிக்கிட்டு வந்துடும், ஜன்னல்ல இருந்து ஒரு தலை வந்து "ஸ்லோ டவுன்"னு கத்தும். நாலு மைல் வேகத்துல போற வண்டியைப் பாத்து மெதுவாப் போன்னு திட்டற ஊர் உலகத்துல வேற எங்கயும் இருக்காது.

ஹாட்டன் ஏறற நாள் மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன். வாரிக் ஊரைத் தாண்டினதும் ரெண்டு மைலுக்குள்ள 21 லாக், மொத்தம் 45 மீட்டர் ஏத்தம். 1930கள்ல பழைய ஏழடி லாக்குக்குப் பக்கத்துலயே புதுசா அகலமா கட்டினாங்க, பழசெல்லாம் இன்னும் பக்கத்துல உபரித் தண்ணி வழியற எடமா நிக்குது. அகல லாக்ல ரெண்டு நாரோபோட் தோளோடு தோள் நிக்கலாம், அதனால கீழேயே காத்திருந்து ஒரு ஜோடி பிடிச்சுக்கறது மரியாதை, தண்ணியும் பாதி மிச்சம், வேலையும் பாதி. எங்களுக்குக் கிடைச்சது ரிட்டயர் ஆன தம்பதி, அந்தப் பெரியவர் புகையிலை பைப் பிடிச்சுக்கிட்டு அவரோட போட்டை எங்களோடதுக்குப் பக்கத்துல ஒரு சாண் இடைவெளியில கொண்டு வந்து நிறுத்தினாரு, ரெண்டும் ஒட்டினாப்ல ஒண்ணா உள்ள போகுது.

கதவைச் சாத்தறதுக்கு நீளமான மரக்கட்டை, அதுல கையால தள்ளினா முதுகு போயிடும், உக்காந்து இடுப்பைக் குடுத்து காலால உந்தணும், தரையில அதுக்குன்னே செங்கல் படி வெச்சிருக்காங்க. அப்புறம் மேல ஓடிப் போய் மதகு திறக்கணும், இங்க அதுக்குப் பேரு பேடில். ஹாட்டன் பேடில் தனி ரகம், வெள்ளைத் தலையோட சாய்ஞ்சு நிக்கற உசரமான கம்பம், ராட்சச மெழுகுவத்தி மாதிரி. வின்ட்லாஸ்னு ஒரு வளைஞ்ச இரும்புக் கைப்பிடியை அதுல மாட்டி சுத்தணும், சுத்திக்கிட்டே இருக்கணும், இருபது சுத்துக்கு மேல ஆனப்புறம்தான் அடியில தண்ணி பொங்கறது தெரியும். அவசரப்பட்டு ஒரேயடியா திறந்தா உள்ள இருக்கற போட் ரெண்டும் கயித்துல கட்டின காளை கணக்கா முன்னும் பின்னும் அடிச்சுக்கும், டிபன் பாக்ஸ் எல்லாம் கீழ. பாதி திறந்து, டில்லர்ல இருக்கறவங்க கட்டை விரல் காட்டினதும் மீதி. மேல் தண்ணியும் உள் தண்ணியும் சமமாகற வரைக்கும் கதவை என்ன தள்ளினாலும் அசையாது, சமமான அந்த நொடியில கட்டை தானா லேசா நகரும். இப்படி 21 தடவை. நடுவுல ஒரு எடத்துல நின்னு திரும்பிப் பாத்தா லாக் எல்லாம் வரிசையா இறங்கி, அந்தக் கோடிக்கு வாரிக் சர்ச் கோபுரம் தெரியும், போட்டோ எடுக்கறவங்க எல்லாம் அங்கதான் நிப்பாங்க, நான் அங்க நின்னு மோர் குடிச்சேன். நீல டிரஸ் போட்ட வாலன்டியர் தாத்தா ஒருத்தர் சைக்கிள்ல முன்னாடி போய் அடுத்த லாக்கைத் தயார் பண்ணி வெச்சாரு. மேல போய்ச் சேர நாலு மணி நேரம்.

இதுல எனக்கு ஒரு ஆத்தாமை உண்டு. கால்வாய்ல பாருங்க, பத்து ஜோடில எட்டு ஜோடி, ஐயா டில்லர்ல ஸ்டைலா நிப்பாரு, அம்மா மழையில வின்ட்லாஸோட ஓடிட்டு இருப்பாங்க. கஷ்டமான வேலை எது, சொகுசு வேலை எதுன்னு பாத்தாலே தெரியும். எங்க போட்ல அப்படி இல்ல, முறை மாத்தித்தான். ஹாட்டன்ல பத்து லாக் முடிஞ்சதும் நான் போய் டில்லரை வாங்கிட்டேன். "ஏங்க, இனிமே நீங்க சுத்துங்க"ன்னேன். பக்கத்து போட் அம்மா இதைப் பாத்துட்டு அவங்க வீட்டுக்காரரை ஒரு பார்வை பாத்தாங்க, மேற்கொண்டு என்ன ஆச்சுன்னு தெரியல, ஆனா கடைசி அஞ்சு லாக்குக்கு பைப் தாத்தாதான் கதவு தள்ளினாரு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஆள் இல்லாம இதே கிராண்ட் யூனியன்ல பொண்ணுங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து இறக்கினாங்க. மூணு பொண்ணுங்க, ரெண்டு போட், ஒண்ணுல இன்ஜின், இன்னொண்ணு அது இழுத்துட்டு வர்றது, லண்டன்ல இருந்து பிர்மிங்காமுக்கு அம்பது டன் சரக்கு, திரும்பும்போது கவன்ட்ரி பக்கத்துல நிலக்கரி ஏத்திக்கிட்டு வரணும். அவங்க ஓட்டாத போட்டா.

பிர்மிங்காமுக்குள்ள நுழைஞ்சா வேற பிரச்சனை. திடீர்னு இன்ஜின் முக்கும், வேகம் செத்துடும், பின்னாடி கறுப்புப் புகை. புரொப்பல்லர்ல எதாவது சுத்திக்கிச்சுன்னு அர்த்தம். இன்ஜினை அணைச்சு சாவியைக் கையில எடுத்துக்கிட்டு, வீட் ஹாட்ச்னு பின்னாடி ஒரு மூடி, அதைக் கழட்டி தோள் வரைக்கும் கையை ஐஸ் தண்ணில விட்டுத் துழாவணும். பிளாஸ்டிக் பை, கயிறு, ஒரு தடவை ஒரு கோட்டு. இந்த முறை அவரு கத்திரியால வெட்டி வெட்டி இழுக்கறாரு, நீளமா வந்துக்கிட்டே இருக்கு, பாத்தா புடவை. ஆரஞ்சு கலர், ஜரிகை பார்டர். "நல்ல வேளை பட்டு இல்ல"ன்னேன், அவரு சிரிக்கற நிலைமையில இல்ல. பின்ன கரையில இருந்த போட்காரர் வந்து எட்டிப் பாத்து, இந்தப் பக்கம் புடவை சகஜம், அதுக்குன்னே ரம்பப் பல் கத்தி வெச்சிருக்கேன்னு எடுத்துக் குடுத்தாரு. அஞ்சரை மீட்டர் துணி ஷாஃப்டுல இறுகினா என்ன ஆகும்னு அவருக்குத் தெரிஞ்ச அளவு போத்தீஸ்காரங்களுக்கே தெரியாது.

ஒரே எடத்துல ஏன் இருக்கக் கூடாது, ஏன் இப்படி அலையணும்னு அம்மா கேக்கறாங்க. நிரந்தரமா கட்டற எடத்துக்கு வாடகை உண்டு, நல்ல ஊர்ப் பக்கம் அது கிடைக்கறதும் கஷ்டம். அது இல்லாதவங்க 1995 சட்டப்படி ஒரு எடத்துல 14 நாளுக்கு மேல இருக்கக் கூடாது, நகர்ந்துக்கிட்டே இருக்கணும். 2012ல இருந்து இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்ல பெரும்பாலானது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்னு ஒரு அறக்கட்டளை கையில, சுமார் 2,000 மைல். அவங்க ஆள் கரையோட நடந்து போட் நம்பரைக் குறிச்சுக்கிட்டே போவாங்க. 2024ல இருந்து எங்களை மாதிரி நகர்றவங்களுக்கு லைசென்ஸ் கட்டணத்துல கூடுதல் வேற போட்டிருக்காங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல, கால்வாய் ஓரம் போட் நகர்ந்துக்கிட்டு இருக்கறதாலதானே கால்வாய் உயிரோட இருக்கு. இதை விடப் பெரிய தலைவலி அட்ரஸ். பேங்க், டாக்டர், எலெக்‌ஷன், எல்லாத்துக்கும் வீட்டு நம்பர் கேக்கறாங்க. ஃபிரண்ட் வீட்டு அட்ரஸைக் குடுத்திருக்கோம், மாசம் ஒரு தடவை போய் தபாலை அள்ளிட்டு வர்றோம், பதிலுக்கு மாவு.

குளிர்காலம் வேற ஊர். ஹால்ல ஒரு சின்ன இரும்பு அடுப்பு, கரியும் விறகும். சாம்பல் அள்ளி, கரி போட்டு, காத்து வர்ற ஓட்டையை மூடி வெச்சா ராத்திரி முழுக்க தணல் நிக்கும். முன்பக்கம் சட்டையைக் கழட்டற சூடு, பின்னாடி படுக்கையில ரெண்டு போர்வை. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாம யாரும் தூங்க மாட்டாங்க, நாங்க ரெண்டு வெச்சிருக்கோம். கரி, கேஸ், டீசல் எல்லாம் பழைய சரக்கு போட் ஒண்ணுல வீட்டு வாசலுக்கே வந்துடும், ஜன்னலைத் தட்டி "எத்தனை மூட்டை"ன்னு கேப்பாங்க. ஐஸ் மூடின காலையில யாராவது போட்டை ஓட்டிட்டுப் போனா கண்ணாடி உடையற சத்தம் அரை மைலுக்குக் கேக்கும். 1962-63ல வந்த குளிர்ல கால்வாயெல்லாம் வாரக் கணக்கா உறைஞ்சு கிடந்து, சரக்குல பெரும்பங்கு லாரிக்குப் போயிடுச்சு, திரும்பவே இல்ல. கோடையில தூக்கம் கெடுக்கறது வாத்துங்க. விடிகாலை நாலு மணிக்கு போட் அடியில இருக்கற பாசியைக் கொத்தித் தின்னும், காதுக்குப் பக்கத்துல ஸ்டீல்ல டொக்கு டொக்குன்னு.

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் லாக் ரிப்பேருக்கு மூடற லிஸ்ட் போட்டுட்டாங்க. எங்க வழியில நடுவுல ஒண்ணு மாட்டுது, அதுக்கு முன்னாடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு தீர்மானம் பண்ணிடணும், அப்புறம் வசந்தம் வரைக்கும் தாண்ட முடியாது. அவருக்கு பிரான்ஸ்டன் பக்கம், அங்க டீசல், ரிப்பேர் ஆளுங்க, சிக்னல் எல்லாம் கைக்கெட்டற தூரம். எனக்கு லெமிங்டன், கால்வாய்ல இருந்து பத்து நிமிஷம் நடந்தா பஞ்சாபிக் கடை, கறிவேப்பிலை, இட்லி அரிசி, முருங்கைக்காய் கூட சில நாள் வரும். ரெண்டு பக்கமும் தண்ணிக் குழாய், எல்சான் பாயின்ட் எங்க எங்கன்னு மேப்ல பார்த்தாச்சு. நேத்து ராத்திரி இதைப் பேசப் போய் சண்டை, அவரு குடையை எடுத்துக்கிட்டு கரையில நடக்கப் போனாரு. திரும்பி வந்ததும் அஞ்சு மூட்டை கரியை எந்த ஊருக்கு டெலிவரி சொல்றதுன்னு கேட்டாரு. லெமிங்டன்னு சொல்லிட்டேன்.